ஐ.டி. கார்டு காட்டினால் எவ்வளவு குறையும்?

கே: லேப்டாப் கம்பெனியின் மாணவர் விற்பனைத் தளத்தில் பதிவு செய்தேன். கல்லூரி ஐ.டி. கார்டைப் படமெடுத்துப் போட்டும் இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள். எங்கள் கல்லூரியில் மாணவர்களுக்கு மின்னஞ்சல் முகவரி தருவதில்லை. வேறு வழி உண்டா?
– பி.எஸ்சி. மாணவி, மன்னார்குடி

ப: உண்டு. முதலில் பெயரைப் பாருங்கள். பலருக்கு இடறுவது அங்கேதான். படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். நமக்குக் கடைசிப் பெயர் ஏது? கார்டில் ‘கயல்விழி ஆர்’ என்று இருக்க, ஆதாரைப் பார்த்து ‘கயல்விழி ராஜேந்திரன்’ என்று நிரப்பினால், பொருந்தவில்லை என்று திரும்பி வரும். கார்டில் உள்ளதையே போடுங்கள்: முதல் பெயர் கயல்விழி, கடைசிப் பெயர் ஆர். ஒற்றை எழுத்தை ஏற்காத படிவமென்றால், அப்பா பெயர் முழுதாக உள்ள போனஃபைடு சான்றிதழ் (இங்கே படிக்கிறார் என்று கல்லூரி தருவது) வாங்கிப் பதிவேற்றுங்கள்.

அடுத்தது தேதி. சில கார்டுகளில் எந்த ஆண்டு வரை செல்லும் என்றே இருக்காது. அப்போது நடப்பு ஆண்டின் கட்டண ரசீதுதான் கை கொடுக்கும். கார்டு தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கிலத்தில் போனஃபைடு கேளுங்கள். பெயர், பாடப்பிரிவு, கல்வியாண்டு, தேதி, முத்திரை ஐந்தும் அதில் வேண்டும்.

படம் எடுக்கும்போது கார்டை பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்து, ஃபிளாஷ் போடாமல் ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில், நான்கு மூலையும் தெரிய எடுங்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தைப் போடாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், சின்ன எழுத்தெல்லாம் கலங்கிப் போகும்.

துறை அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேளுங்கள். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காகச் சில கல்லூரிகள் மாணவர்களுக்கு மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கியிருந்தன. ‘ஏசி டாட் இன்’ அல்லது ‘எட்யூ டாட் இன்’ என்று முடியும் முகவரி கிடைத்தால் பல தளங்களில் காகிதமே தேவைப்படாது. தெரிந்தவரின் முகவரியை இரவல் வாங்க வேண்டாம். பெயர் ஒத்துவராவிட்டால் ஆர்டர் ரத்தாகும், பணம் திரும்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கே: மகள் இந்த வருடம் பொறியியலில் சேருகிறாள். கடன் வாங்கியாவது இப்போதே வாங்குவதா, குறுவை நெல் பணம் வரட்டும் என்று இருப்பதா?
– விவசாயி, ஒரத்தநாடு

ப: பொறுங்கள். கம்பெனிகளின் மாணவர் சலுகைகள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மும்முரமாக இருக்கும். கடைகளின் ஆடித் தள்ளுபடியும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஆனால் ஆன்லைன் தளங்களின் பெரிய பண்டிகை விற்பனை செப்டம்பர், அக்டோபரில். குறுவை அறுவடையும் அப்போதுதானே! முதல் பருவத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், கொஞ்சம் நிரல் எழுதுவது. இதற்குக் கல்லூரி ஆய்வகமே தாங்கும். அதற்குள் சீனியர்களிடம் அந்தத் துறைக்கு எந்த மென்பொருள் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். மெக்கானிக்கல், சிவில் என்றால் 16 ஜிபி ரேமும் தனி கிராபிக்ஸ் சிப்பும் வேண்டியிருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் மலிவாக வாங்கினால் மூன்றாம் ஆண்டில் இன்னொன்று வாங்க நேரும்.

கல்விக் கடன் எடுப்பதாக இருந்தால் தனிக் கடன் வேண்டாம். படிப்பை முடிக்கக் கணினி தேவை என்றால், இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் அந்தச் செலவுக்கும் இடமுண்டு. விண்ணப்பிக்கும்போதே கடையின் விலைப்புள்ளியை இணைத்துவிடுங்கள்.

கே: கும்பகோணத்தில் ஒரு கடையில் ‘மாணவர்களுக்கு 8,000 ரூபாய் தள்ளுபடி’ என்கிறார்கள். நம்பலாமா?
– கல்லூரி மாணவர், பாபநாசம்

ப: எந்த விலையிலிருந்து 8,000 என்று கேளுங்கள். பெட்டியில் அச்சடித்த எம்ஆர்பி-யிலிருந்து என்றால் அது தள்ளுபடியே இல்லை; அந்த விலைக்கு யாரும் விற்பதில்லை. எம்ஆர்பி 72,990 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியின் மாணவர் தளத்தில் 63,500, கடையில் 64,990, ஆன்லைனில் வங்கி அட்டைக் கழிவோடு 60,500 என்றும் இருக்கலாம். ஐ.டி. கார்டு காட்டி வாங்குவதே மலிவு என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஒப்பிடும்போது பெயரைப் பார்க்காதீர்கள், பெட்டி ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்ணைப் பாருங்கள். ஒரே பெயரில் நாலைந்து ரகம் வரும். ஒன்றில் 16 ஜிபி ரேம், இன்னொன்றில் 8. ஒன்றில் நல்ல திரை, இன்னொன்றில் நிறங்களைக் குறைவாகக் காட்டும் ‘45 சதவீத என்டிஎஸ்சி’ திரை. அதில் சிவப்பு வெளிறித் தெரியும். 8 ஜிபி என்றால் பிறகு கூட்ட ஸ்லாட் இருக்கிறதா, போர்டோடு ஒட்டியதா என்றும் கேளுங்கள்.

‘பில் வேண்டாமென்றால் இன்னும் குறைக்கிறேன்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். லேப்டாப் விலைக்குள் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். அதை மறைக்கத்தான் அந்தப் பேச்சு. பில் இல்லாவிட்டால் வாரன்ட்டியை நீங்கள் வாங்கிய நாளிலிருந்து கணக்கிட மாட்டார்கள், சரக்கு ஆலையை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து கணக்கிடுவார்கள். கடையில் ஆறு மாதம் தூங்கிய பெட்டி என்றால் ஆறு மாதம் போச்சு. பை, ஹெட்போன், கூடுதல் வாரன்ட்டி போன்ற சலுகைகளுக்கு பில்லையும் சீரியல் எண்ணையும் குறித்த நாட்களுக்குள் கம்பெனித் தளத்தில் ஏற்ற வேண்டியிருக்கும். அதுவரை அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

கே: மகன் பிளஸ் டூ படிக்கிறான். அவன் பெயரில் ஆப்பிள் மேக்புக் மாணவர் விலையில் கிடைக்குமா?
– இல்லத்தரசி, மயிலாடுதுறை

ப: பள்ளி மாணவருக்கு இல்லை. கல்லூரியில் சேர்க்கை உறுதியானதும் கிடைக்கும், பெற்றோரே அவனுக்காக வாங்கவும் செய்யலாம். ஆன்லைனில் யூனிடேஸ் என்ற தளம் வழியாகச் சரிபார்ப்பார்கள்.

கே: அரசு தரும் லேப்டாப்புக்குக் காத்திருக்கலாமா?
– மாணவர், திருவாரூர்

ப: இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று 2025-26 மாநில பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கல்லூரி அலுவலகத்தில் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். சாதாரணத் தட்டச்சுக்கும் இணையத்துக்கும் ஒன்று வந்துவிட்டால் இன்னொன்று எதற்கு?

கே: புது லேப்டாப்பைக் கடையிலேயே ‘செட் பண்ணி’ வாங்கினேன். இப்போது ஆபீஸ் மென்பொருள் வேறு யாரோ ஒருவரின் கணக்கில் இருப்பதாகக் காட்டுகிறது.
– மாணவி, நாகப்பட்டினம்

ப: கடைப் பையன் அவசரத்தில் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருப்பார். லேப்டாப்போடு வரும் ஆபீஸ் முதலில் எந்தக் கணக்கில் பதிகிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். இதைவிடப் பெரிய வில்லங்கம், வட்டைப் பூட்டும் பிட்லாக்கர். அதன் 48 இலக்கச் சாவியும் அந்தக் கணக்குக்குத்தான் போயிருக்கும். என்றாவது நீலத் திரை வந்து சாவி கேட்டால் உங்கள் பாடக் குறிப்பு, புராஜெக்ட் எல்லாம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இன்றே பில்லோடு கடைக்குப் போய், அந்தக் கணக்கில் நுழைந்து 48 இலக்கத்தையும் தாளில் எழுதி வாங்குங்கள். கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்த பிறகு லேப்டாப்பை ரீசெட் செய்து, உங்கள் கணக்கில் தொடங்குங்கள். ஆபீஸ் வராவிட்டால் பில், சீரியல் எண்ணோடு லேப்டாப் கம்பெனியின் உதவி மையத்தில் புகார் பதியுங்கள்.