வண்டியைத் தூக்கும் முன்னால் கதவு ஸ்டிக்கரைப் படியுங்கள்: வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி பிக்கப் வண்டிகளைப் பற்றியவை. பெரிய டயர், உயரமான வண்டி, முன்னால் கயிறு சுற்றி வண்டியை இழுக்கும் ஒரு விஞ்ச். ஆசை எல்லோருக்கும் ஒன்றுதான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. பரவாயில்லை, அதை நானே இடையில் கொண்டுவருகிறேன்.

கேள்வி: நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப் வாங்கியிருக்கிறேன். கம்பெனி டயர் 265/70 ஆர் 17. வார நாட்களில் தார்ச்சாலை, எப்போதாவது காட்டுப்பாதை. 35 இன்ச் எம்.டி. (மட் டெரெய்ன், சேற்றுப் பாதைக்கானது) டயர் போடச் சொல்லி நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். போடலாமா சார்?

பதில்: வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், நண்பர்களிடம் காட்டுங்கள்.

265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், அதாவது 185.5 மி.மீ. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவே 17 இன்ச் ரிம். கூட்டினால் மொத்த உயரம் சுமார் 803 மி.மீ. 35 இன்ச் டயர் 889 மி.மீ. வித்தியாசம் 86. ஆனால் வண்டியின் அடிவயிறு உயர்வது அதில் பாதிதான், 43 மி.மீ.

இந்த 43 மில்லிமீட்டருக்கு என்னென்ன கொடுக்கிறீர்கள் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் ஃபெண்டரில் உரசும், வெட்ட வேண்டும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 110-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பீர்கள். ஆக்சிலின் நடுவே இருந்து இரு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் கியர் விகிதம் 3.73 என்றால், பெரிய டயரோடு அது 3.37 போல நடந்துகொள்ளும். மேட்டில் வண்டி திணறும், கியர்பாக்ஸ் கீழும் மேலும் தாவிக்கொண்டே இருக்கும். பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் 4.10 பல்சக்கரம் மாற்ற வேண்டும், அதுவும் முன்னால் பின்னால் இரண்டிலும். ஸ்டெப்னி அதன் பழைய இடத்தில் நுழையாமல் போகலாம். பிரேக் மட்டும் அதே பழைய பிரேக்.

285/70 ஆர் 17 பாருங்கள். உயரம் 831 மி.மீ., அடிவயிறு 14 மி.மீ. ஏறும், ஸ்பீடோமீட்டர் பிழை மூன்றரை சதவீதம். பல வண்டிகளில் பிளாஸ்டிக் லைனரைக் கொஞ்சம் செதுக்கினால் உட்கார்ந்துவிடும். வாங்கும் முன் ஒரு முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, எங்கே இடம் குறைகிறது என்று கையை விட்டுப் பாருங்கள். சமதளத்தில் உரசாத டயர் பள்ளத்தில் உரசும்.

இனி எம்.டி. விஷயம். அதன் ரப்பர் கட்டிகளுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளி. சக்கரம் சுழலும்போது சேற்றை வெளியே வீசி எறியத்தான் அந்த இடைவெளி. அதே காரணத்தால் மழை பெய்த தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு, பிரேக் போட்டால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். தேயத் தேய இரைச்சலும் கூடும். எல்லாத் தரைக்கும் பொதுவான ஏ.டி. (ஆல் டெரெய்ன்) டயரின் கட்டிகளில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் இருக்கும்; ஈரத் தரையைப் பிடிப்பது அவைதான். உங்கள் ஓட்டத்துக்கு ஏ.டி. போதும். எம்.டி. தேவைப்படுகிற ஆள் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டு நான் பார்த்ததில்லை. முழங்கால் வரை சேற்றோடு நேராக டயர் கடைக்குத்தான் போவார்.

கேள்வி: டயரில் எல்.டி., இ, 121/118 எஸ் என்று ஏதேதோ எழுதியிருக்கிறது. கடைக்காரர் '10 பிளை' என்கிறார். நிஜமாகவே பத்து அடுக்கா?

பதில்: இல்லை. பருத்தி நூலில் டயர் கட்டிய காலத்துக் கணக்கு அது. இன்றைய பாலியஸ்டர் இழை இரண்டு மூன்று அடுக்கிலேயே அந்தப் பலத்தைத் தந்துவிடும். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எல்.டி. என்றால் லைட் டிரக், பாரம் சுமக்கும் வண்டிக்கான டயர். 'இ' என்பது அந்த '10 பிளை' பலத்தைச் சொல்லும் எழுத்து. 121 என்றால் ஒரு டயர் 1,450 கிலோ தாங்கும். 118 என்பது பின்னால் இரட்டை டயர் போடும் வண்டிக்கு, அது உங்களுக்கு வேண்டாம். எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. வரை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாதாரண டயரிலிருந்து எல்.டி. டயருக்கு மாறினால் அதே பாரத்தைச் சுமக்க அதிகக் காற்று வேண்டும். கதவு ஸ்டிக்கரில் 35 பி.எஸ்.ஐ. என்று இருப்பது கம்பெனி போட்ட டயருக்கான அளவு. எல்.டி.யிலும் அதே 35 வைத்துக்கொண்டு பாரம் ஏற்றினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். டயர் கம்பெனியின் பார அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். பிக்கப்பின் பின்தொட்டியில் பாரமே ஏற்றாதவர், கூர்மையான பாறைப் பக்கமும் போகாதவர் 'இ' டயர் வாங்கினால், கூடுதல் எடையையும் தூக்கித் தூக்கிப் போடும் சவாரியையும் விலை கொடுத்து வாங்குகிறார், அவ்வளவுதான்.

அப்படியே தயாரிப்புத் தேதியையும் பார்த்துவிடுங்கள். பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம் அது. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். இரண்டு பக்கமும் முழு வரிசை இருக்காது. ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் தேடுங்கள்.

கேள்வி: மணலில் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு? டயர் கழன்று வந்துவிடாதா?

பதில்: இந்தப் பக்கத்தில் எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள், ஏனென்றால் இது இலவசம்.

காற்று குறைந்தால் டயர் அகலமாகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும். நீளவாக்கில்தான் தரையைத் தொடும் பரப்பு நன்றாகக் கூடும். மணலைத் தோண்டாமல் மேலே மிதந்து போக வைப்பது அந்த நீளம். நடுத்தர பிக்கப் ஒன்று 35-இல் ஓடுகிறது என்றால் மணலுக்கு 18-இலிருந்து தொடங்குங்கள். அப்படியும் புதைந்தால் 15. அதற்குக் கீழே, டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் இல்லாமல் போகாதீர்கள், நீங்கள் பயப்படுவது அங்கேதான் நடக்கும். பாறைப் பாதைக்கு 20 பக்கம். அதிர்ந்து அதிர்ந்து பல்லை ஆட்டும் சரளைச் சாலைக்கு 26, 28. தொட்டியில் பாரம் இருந்தால் பின்சக்கரத்துக்கு நாலைந்து கூட்டிக்கொள்ளுங்கள்.

காற்று குறைந்த டயரில் வேகம் கூடாது, வெடுக்கென்று திருப்பவும் கூடாது. தார்ச்சாலை ஏறும் முன் திரும்ப அடித்தாக வேண்டும். ஆகவே நல்ல கேஜ் ஒன்றும் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்றும் வண்டியிலேயே இருக்கட்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன வகை வேண்டாம். இவ்வளவு பெரிய டயருக்கு அது மூச்சு வாங்கும். பேட்டரியில் நேராகக் கவ்வும் வகை வாங்குங்கள், எஞ்சினை ஓடவிட்டுக் காற்று அடியுங்கள்.

கேள்வி: 3 இன்ச் லிஃப்ட் போட்டால் அடியில் 3 இன்ச் இடம் கூடுமா?

பதில்: உடம்பு ஏறும். பின் ஆக்சிலின் நடுவில் தொங்குகிற டிஃபரன்ஷியல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக்சிலைத் தாங்குவது சக்கரம். அதைத் தூக்க டயரால் மட்டும்தான் முடியும். லிஃப்ட் தருவது கோணம்: மேடு ஏறும்போது முன் பம்பர் இடிக்காது, திட்டின் உச்சியில் வயிறு தட்டாது. அது தேவைதான். ஆனால் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில், உயர்த்த உயர்த்த டிரைவ் ஷாஃப்டின் மூட்டுகள் அதிகமாகச் சாயும். ரப்பர் உறை மடிப்போடு மடிப்பு உரசிக் கிழியும், கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் தெறித்திருக்கும். 2 இன்ச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வழக்கமான பதில். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட், அப்புறம் ஹெட்லைட்டையும் தாழ்த்தி வையுங்கள். எதிரே வருகிறவருக்கும் கண் இருக்கிறது.

கேள்வி: விஞ்ச், ஸ்டீல் பம்பர், கூரைக் கூடாரம், லாக்கர் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. எதை முதலில் வாங்குவது?

பதில்: கதவு ஸ்டிக்கருக்கு வந்துவிட்டோம். வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்பதை அதிலோ கையேட்டிலோ பாருங்கள். உங்களுக்கு 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பம்பரும் விஞ்சும் 100, தொட்டி மூடி 80, கூரைச் சட்டமும் கூடாரமும் 90, அடித்தகடும் பக்கக் குழாயும் 80. ஆயிற்று 350. நாலு பேர் ஏறினால் இன்னொரு 300. மிச்சம் 50 கிலோ. குடிநீரும் சாமான்களும் அதற்குள் அடங்க வேண்டும். இதற்குப் பிறகு ஸ்பிரிங் மாற்றி வண்டியை நிமிர்த்தலாம். ஆனால் அதனால் மட்டும் ஸ்டிக்கரில் உள்ள எண் மாறாது, பிரேக்கும் சேஸிஸும் மாறாது.

ஆகவே எடை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். சேஸிஸோடு போல்ட் போட்ட, இழுப்பதற்கென்றே செய்த கொக்கி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நீண்டு சுருங்கும் கயிறு, மணலில் சக்கரத்துக்கு அடியில் செருகும் பலகை ஒரு ஜோடி, மண்வெட்டி. டிரெய்லர் மாட்டும் குண்டில் கயிற்றைப் போட்டு இழுக்கவே கூடாது. குண்டு முறிந்தால் பீரங்கிக் குண்டாகவே பறக்கும், உயிர் போயிருக்கிறது.

அடுத்தது பின் லாக்கர். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது சும்மா சுற்றும், மண்ணில் நிற்கிற சக்கரம் நகராது. லாக்கர் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். கெட்டித் தரையில் அதைப் போடாதீர்கள், வண்டி திரும்ப மறுக்கும்.

விஞ்ச் தனியாகக் காட்டுக்குள் போகிறவருக்கு. வண்டியின் மொத்த எடைக்கு ஒன்றரை மடங்கு இழுவை உள்ளதாக எடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் இழுவை, உருளையில் கயிறு ஒரே சுற்றடுக்காக இருக்கும்போது கிடைப்பது. அடுக்கு ஏற ஏறக் குறையும். எப்போதும் இன்னொரு வண்டியோடு போகிறீர்களா? அந்தக் காசை நல்ல டயரில் போடுங்கள்.

கேள்வி: எஞ்சின் கூரை உயரத்திலிருந்து காற்றை இழுக்க உதவும் ஸ்னார்கெல் குழாய் மாட்டிவிட்டேன். ஓடையில் தைரியமாக இறங்கலாமா?

பதில்: எஞ்சின் தண்ணீர் குடிக்காது, டிஃபரன்ஷியல் குடிக்கும். ஓடி வந்த சூட்டில் அதைக் குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். டிஃபரன்ஷியலின் மூச்சுக்குழாயை எஞ்சின் அறையின் மேல்பகுதி வரை நீட்டி வைத்துவிடுங்கள், சின்ன வேலைதான். ஓடையைக் கடந்த பிறகு ஆயில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பால் ஊற்றிய நிறத்தில் வந்தால் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

கேள்வி: டயர் நாலு வாங்கினால் போதுமா, ஐந்தா?

பதில்: ஐந்து. அளவு வேறான ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு நாலு சக்கர இயக்கத்தில் ஓட்டினால் முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். எல்லா ரிம்மும் ஒரே மாதிரி என்றால் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்தையும் சேர்த்தே இடம் மாற்றுங்கள்.