ஓய்வுநாளும் அற்புதமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன ஞாயிறு எங்கள் சபையில் யோவான் 9ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கம். யூதர்கள் வேலை செய்யாத ஓய்வுநாளில், அதாவது சனிக்கிழமையில், பிறவிக் குருடன் ஒருவனுக்கு இயேசு பார்வை தருகிற பகுதி. உண்மையான குருடர்கள், அதில் குறை கண்ட பரிசேயர்கள்தான் (யூதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடித்த குழுவினர்) என்று போதகர் முடித்தார். சின்ன வயதிலிருந்து கேட்டதுதான், ஆனால் இந்தமுறை உறுத்தியது. கண்முன்னால் ஒருவனுக்குக் கண் திறந்திருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு “இன்றைக்கு என்ன கிழமை?” என்று ஒருவன் கேட்பானா? அவ்வளவு மடையர்களா அவர்கள்? இல்லை, எழுதியவர்கள் அப்படிக் காட்டிவிட்டார்களா?

இன்னொன்று. என் அத்தை மகன் சனிக்கிழமை ஆராதிக்கிற சபைக்குப் போய்விட்டான். ஞாயிறு ஆராதனையே கான்ஸ்டன்டைன் என்ற ரோம மன்னன் கொண்டுவந்தது, நீங்கள் எல்லாரும் ஓய்வுநாளைக் கைக்கொள் என்கிற நாலாம் கட்டளையை மீறுகிறீர்கள் என்று பார்க்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுகிறான். முடிந்தால் அதற்கும் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மடையர்கள் இல்லை. அதே அதிகாரத்தின் 16ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். பரிசேயரில் சிலர், ஓய்வுநாளைக் கைக்கொள்ளாதவன் தேவனிடத்திலிருந்து வந்தவனாக இருக்க முடியாது என்கிறார்கள். வேறு சிலர், பாவி ஒருவன் இப்படிப்பட்ட அற்புதத்தை எப்படிச் செய்வான் என்கிறார்கள். அவர்களுக்குள்ளேயே பிரிவினை உண்டானது என்று யோவானே எழுதியிருக்கிறார். பிரசங்கத்தில் இரண்டாவது கூட்டம் பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

அற்புதம் நடந்ததா என்றும் அவர்கள் விசாரிக்கத்தான் செய்கிறார்கள், பெற்றோரைக்கூடக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள் (“அவன் வயதுள்ளவன், அவனையே கேளுங்கள்” என்று அவர்கள் நழுவிவிடுவது வேறு விஷயம்). ஆனால் நடந்தது என்று ஆன பிறகும் சண்டை தீரவில்லை. காரணம் பழைய ஏற்பாட்டின் உபாகமம் 13. ஒரு தீர்க்கதரிசி எழும்பி, ஓர் அடையாளத்தை முன்கூட்டியே சொல்லி, அது சொன்னபடியே நடந்தாலும், அவன் உங்களை வேறு தேவர்களிடம் அழைத்தால் கேட்காதீர்கள் என்கிறது மோசேயின் சட்டம். நடக்காவிட்டால் அல்ல, நடந்தாலும்! அந்த மரபில் வளர்ந்தவனுக்கு அற்புதம் கடைசிச் சான்று ஆகாது. செய்தவன் யார், கட்டளையை என்ன செய்கிறான் என்பதுதான் முதல் கேள்வி. இன்றைக்கு நம் ஊர்களில் குணமளிக்கும் கூட்டங்களில் நிற்கிற கும்பலைப் பார்த்தால், அந்தக் கேள்வி அவ்வளவு மோசமானதாக எனக்குத் தெரியவில்லை.

பின்னால் வந்த ரபீக்களின், அதாவது யூதச் சட்ட அறிஞர்களின், விவாதத் தொகுப்பான தல்மூதில் ஒரு கதை இருக்கிறது. ஓர் அடுப்பு தீட்டுப்படுமா படாதா என்று விவாதம். ரபீ எலியேசர் ஒரு பக்கம், மற்ற எல்லாரும் எதிர்ப்பக்கம். எலியேசர் சொல்கிற எந்த நியாயமும் எடுபடவில்லை. சரி, நான் சொல்வது சரியென்றால் இந்தக் கரோப் மரம் சாட்சி சொல்லட்டும் என்கிறார். மரம் பெயர்ந்து நூறு முழம் தள்ளிப்போய் நிற்கிறது. மரத்தை வைத்துச் சட்டம் பேச முடியாது என்கிறார்கள் மற்றவர்கள். வாய்க்கால் பின்னோக்கி ஓடுகிறது, அதுவும் செல்லாது. கல்விக்கூடத்தின் சுவர்கள் சாயத் தொடங்குகின்றன. அறிஞர்கள் வாதாடும்போது உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று ரபீ யோசுவா சுவர்களை அதட்டுகிறார். அவருக்கு மரியாதை கொடுத்து அவை விழவில்லை, எலியேசருக்கு மரியாதை கொடுத்து நிமிரவும் இல்லை, இன்னும் சாய்ந்தே நிற்கின்றன என்கிறது கதை. கடைசியில் வானத்திலிருந்தே ஒரு குரல், எலியேசர் சொல்வதுதான் சரி என்று. யோசுவா எழுந்து நின்று, “அது வானத்தில் இல்லை” என்று உபாகமத்திலிருந்தே ஒரு வரியை எடுத்துப்போடுகிறார். கடவுள் சிரித்தாராம், என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள் என்று. இந்தக் கதை எழுத்துக்கு வந்தது சுவிசேஷங்களுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. ஆனால் யோவான் 9இல் முதல் கூட்டம் எந்த மனநிலையிலிருந்து பேசுகிறது என்பதை இதைவிட நன்றாக எதுவும் காட்டுவதில்லை.

இப்போது ஓய்வுநாள். உயிர் போகிற நேரத்திலும் கைகட்டி உட்கார்ந்திருந்தவர்கள் என்று யூதர்களைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. அந்நிய மன்னனுக்கு எதிராக மக்கபேயர் என்ற யூதக் குடும்பம் கலகம் செய்த காலத்தில், கி.மு. 167 வாக்கில், ஓய்வுநாளில் சண்டையிட மாட்டோம் என்று சொல்லி ஆயிரம் பேர் வரை வெட்டுப்பட்டுச் செத்தது உண்மைதான். அதைக் கேள்விப்பட்டதும் கலகத் தலைவர் மத்தத்தியாவும் அவர் ஆட்களும் இனி ஓய்வுநாளில் தாக்கினால் திருப்பித் தாக்குவோம் என்று முடிவெடுத்தார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட ரபீக்களின் சட்ட நூலான மிஷ்னா, ஒருவனுக்குத் தொண்டை வலி என்றால்கூட ஓய்வுநாளில் மருந்து ஊற்றலாம், உயிருக்கு ஆபத்தோ என்ற சந்தேகமே போதும் என்கிறது. ‘மனுஷன் ஓய்வுநாளுக்காக அல்ல’ என்று இயேசு சொன்னதற்கு மிகப் பக்கத்தில் வருகிற ஒரு வாசகம் ரபீக்களின் நூல்களிலும் இருக்கிறது. இதைவிடக் கடுமையானவர்களும் இருந்தார்கள்; சாக்கடல் அருகே குகைகளில் கிடைத்த பழைய சுருள்களை வைத்திருந்த யூதக் கூட்டத்தின் சட்டம், ஓய்வுநாளில் குழியில் விழுந்த மிருகத்தைத் தூக்கக்கூடாது என்றது. உங்களில் எவன் தன் ஆட்டைத் தூக்கிவிட மாட்டான் என்று மத்தேயு 12இல் இயேசு பரிசேயர்களிடம் கேட்கிறார் என்றால், அவர்கள் தூக்கிவிடுகிற ஆட்கள் என்று தெரிந்துதான் கேட்கிறார்.

அப்புறம் எங்கேதான் சிக்கல்? இயேசு ஓய்வுநாளில் குணமாக்கியவர்களில் பலர் அன்றைக்கே சாகப் போகிறவர்கள் இல்லை. சூம்பின கை. 18 வருஷம் கூனிப்போன ஒரு பெண். பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் கிடந்தவன். பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் முடிந்துவிடும், இன்னும் சில மணிநேரம்தான். மாற்கு முதல் அதிகாரத்தில் கப்பர்நகூம் ஜனங்கள் சூரியன் அஸ்தமித்த பிறகுதான் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், யாரும் அவர்களை அதற்காகத் திட்டவில்லை. ஆக, வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அப்போது வந்து குணமாகிக்கொள்ளுங்கள் என்று லூக்கா 13இல் ஜெபஆலயத் தலைவன் சொல்வது நியாயமான பேச்சு. நான் அவன் இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இயேசுவின் பதிலில் அற்புதத்தைக் காட்டி வாயடைப்பது இல்லை. தொழுவத்தில் கட்டின மாட்டை ஓய்வுநாளில் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, 18 வருஷமாகச் சாத்தான் கட்டிவைத்திருந்த ஆபிரகாமின் மகளை இந்த நாளில் அவிழ்க்க வேண்டாமா என்கிறார். ‘ஓய்வுநாளாக இருந்தாலும் பரவாயில்லை’ என்று அவர் சொல்லவில்லை. ஓய்வுநாள் என்பதால்தான் அவிழ்க்க வேண்டும் என்கிறார். உபாகமம் 5இல் ஓய்வுநாளுக்குச் சொல்லப்படுகிற காரணம் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை. இரண்டு பேரும் ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஒருவர் அந்த நாளைக் காக்கப் பார்க்கிறார், இன்னொருவர் அந்த நாள் எதற்கு என்று கேட்கிறார். எனக்கு இயேசுவின் பக்கம்தான் சாய்வு. அதற்காக எதிராளியை முட்டாளாக்கிவிட்டால் அவர் ஜெயித்ததற்கே அர்த்தமில்லாமல் போகும்.

யோவானில் மட்டும் கதை வேறு மாதிரி. மற்ற சுவிசேஷங்களில் சூம்பின கைக்காரனிடம் கையை நீட்டு என்கிறார், அவ்வளவுதான், அதில் எந்த வேலையும் நடக்கவில்லை. யோவான் 9இல் தரையில் துப்பி, மண்ணைச் சேறாக்கி, கண்ணில் பூசுகிறார். மிஷ்னா தருகிற 39 தடை வேலைகளில் பிசைவது ஒன்று. பெதஸ்தாவில் படுக்கையைத் தூக்கிக்கொண்டு நட என்கிறார்; ஓய்வுநாளில் எருசலேமில் சுமை சுமக்காதே என்று எரேமியா 17இல் எழுதியே இருக்கிறது. ஒரு வார்த்தையால் குணமாக்கக்கூடியவர் சேறு குழைக்க வேண்டிய அவசியமே இல்லை. வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று யோவான் காட்டுகிறார். என் பிதா இதுவரை வேலை செய்கிறார், நானும் செய்கிறேன் என்ற பதிலோடு விவாதம் ஓய்வுநாளை விட்டு, இவர் தன்னை யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதற்குப் போய்விடுகிறது. நீங்கள் கேட்டதுபோல் இங்கே எழுதியவரின் கை இருக்கிறது, மறுக்கவில்லை.

உங்கள் அத்தை மகன் விஷயம். கி.பி. 321இல் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வு நாளாக அறிவித்தது உண்மை. ஆனால் கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடுவதை இரண்டாம் நூற்றாண்டின் நடுவிலேயே ஜஸ்டின் மார்ட்டிர் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதிவைத்திருக்கிறார். மன்னன் கொண்டுவந்தது விடுமுறையை, ஆராதனையை அல்ல. இதை அவரிடம் சொல்லலாம். ஓய்வுநாளைக் குறித்து யாரும் உங்களைக் குற்றப்படுத்த விடாதீர்கள் என்கிற கொலோசெயர் 2:16ஐ மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அது வருடாந்தரப் பண்டிகை ஓய்வுநாள்களைப் பற்றியது என்று அவர் பதில் தயாராக வைத்திருப்பார்.