டிவிடி டிரைவ் இல்லாத கணினியில் விண்டோஸ்: வாங்கும் முன் கேளுங்கள்

கே: புது லேப்டாப்பில் டிவிடி டிரைவ் கிடையாது. விண்டோஸ் போட வெளியே செருகும் டிவிடி ரைட்டர் 1,900 ரூபாய், டிஸ்க் 300 ரூபாய் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (தேனி வாசகர்)

வாங்காதீர்கள். இன்றைய விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ ஃபைல் (நிறுவல் டிஸ்க் முழுவதையும் அடக்கிய ஒரே ஃபைல்) 5 ஜிபியைத் தாண்டுகிறது. சாதாரண டிவிடியில் கொள்வது 4.7 ஜிபிதான். அவர் தரும் டிஸ்க்கில் இருப்பது பெரும்பாலும் பழைய பதிப்பு, இல்லையென்றால் யாரோ வெட்டிச் சுருக்கிய பதிப்பு.

உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பென்டிரைவ். 8 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னாலும் 16 ஜிபியாக வாங்குங்கள். நன்றாக ஓடும் இன்னொரு விண்டோஸ் கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி ஓட்டினால், அதுவே விண்டோஸைத் தரவிறக்கிப் பென்டிரைவில் எழுதிக் கொடுத்துவிடும். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துபோகும். முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பென்டிரைவைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்த கணத்திலிருந்து பூட் மெனு (எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) வரவைக்கும் கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் 'எஃப்12 பூட் மெனு' என்பதை எனேபிள் செய்யாவிட்டால் பல மாடல்களில் அந்தக் கீ வேலை செய்யாது. பட்டியலில் பென்டிரைவ் பெயர் இரண்டு முறை வந்தால், முன்னால் யுஇஎஃப்ஐ (புதிய வகைப் பயாஸ்) என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் நுழைந்தால் முக்கால் தூரம் போன பிறகு, டிஸ்க் ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறையில் இருப்பதால் இதில் நிறுவ முடியாது என்று நின்றுவிடும்.

முதல் ரீஸ்டார்ட் ஆகும்போது பென்டிரைவைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சில கணினிகளில் திரும்பவும் முதல் திரைக்கே வந்து நிற்கும்.

கே: ஐஎஸ்ஓ ஃபைலைப் பென்டிரைவில் காப்பி செய்தேன். பூட் ஆகவில்லை. பென்டிரைவ் பழுதா? (திருப்பூர் வாசகர்)

பழுதில்லை. ஐஎஸ்ஓவை ஒரு ஃபைலாகப் போட்டால் பூட் ஆகாது. அதைப் பிரித்து எழுத வேண்டும். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் ஐஎஸ்ஓவைக் காட்டி, ஜிபிடி, யுஇஎஃப்ஐ இரண்டையும் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுங்கள். கையால் பிரித்துப் போடவும் முயலாதீர்கள்: உள்ளே இருக்கும் இன்ஸ்டால் ஃபைல் ஒன்றே 4 ஜிபிக்கு மேல், பென்டிரைவில் ஃபைல்களை அடுக்கும் ஃபேட்32 முறை அதை ஏற்காது. பென்டிரைவைத் தூக்கி எறியும் முன் கேட்டீர்களே, அதுவே நல்லது.

கே: ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவ் 499 ரூபாய்க்கு வாங்கினேன். விண்டோஸ் நிறுவும்போது பாதியில் 'ஃபைல் சேதமடைந்துள்ளது' என்று நிற்கிறது, 80070570 என்று முடியும் பிழை எண். மூன்று முறை முயன்றுவிட்டேன். (கடலூர் வாசகர்)

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். கணினியைக் குறை சொல்லாதீர்கள். இந்தப் பென்டிரைவ்களின் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப்பை, 'நான் 2 டிபி' என்று பொய் சொல்லும்படி மாற்றி எழுதியிருப்பார்கள். உண்மையான மெமரி சில ஜிபிதான் இருக்கும். அந்த எல்லை வரை எழுதியது சரியாக இருக்கும். அதற்குமேல் எழுதியது தொலைந்துபோகும், அல்லது முன்பு எழுதியதன் மேலேயே விழும். காப்பி ஆகும்போது ஒரு பிழையும் காட்டாது. படிக்கும்போதுதான் தெரியும். நானும் 256 ஜிபி என்று அச்சிட்ட மெமரி கார்டு ஒன்றை வாங்கி இழந்திருக்கிறேன். சோதித்தபோது தேறியது 8 ஜிபி.

ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவியால் முழு இடத்தையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். உண்மையான அளவு எத்தனை என்று அது எழுத்திலேயே காட்டும். அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள், அதுதான் உங்கள் சாட்சி. (நல்ல பென்டிரைவில் இதே பிழை வந்தால் தரவிறக்கம் பாதியில் கெட்டிருக்கலாம், ரேமும் பழுதாக இருக்கலாம்.)

அடுத்து, விற்ற தளத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 'ரிட்டர்ன் நாள் முடிந்துவிட்டது' என்ற பதிலை ஏற்காதீர்கள். அளவைப் பொய்யாகச் சொல்லி விற்றது வேறு குற்றம். அசையவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போவதென்றாலும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், காலக்கெடு இரண்டு ஆண்டு. 499 ரூபாய்தானே என்று விடாதீர்கள்.

கே: 299 ரூபாய்க்கு விண்டோஸ் கீ (லைசென்ஸ் எண்) கிடைக்கிறதே, வாங்கலாமா? (சேலம் வாசகர்)

கூடாது.

கே: கீபோர்டு மாற்றக் கொடுத்த லேப்டாப்பை, கேட்காமலே ஃபார்மட் செய்து 'புரோ போட்டுக் கொடுத்திருக்கிறோம்' என்று 800 ரூபாய் வாங்கினார்கள். ஆறு மாதம் கழித்து இப்போது ஆக்டிவேட் செய்யச் சொல்கிறது. வாங்கும்போதே விண்டோஸ் ஹோம் இருந்தது. (நாகர்கோவில் வாசகி)

அம்மா, உங்களிடம் இருந்த நிஜத்தை எடுத்துவிட்டுப் போலியைக் காசுக்கு விற்றிருக்கிறார்கள். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் இந்த ஏமாற்று அளவுக்கு எனக்குக் கோபமூட்டுவது வேறொன்றும் இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்பின் விலையில் அந்த லைசென்ஸுக்கான பணமும் அடங்கியிருக்கிறது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து அந்த லைசென்ஸ் கீயை மதர்போர்டிலேயே எழுதி அனுப்புகிறார்கள். டிஸ்க்கை எத்தனை முறை அழித்தாலும் அது அழியாது. உங்கள் கடைக்காரர் போட்டது, பெரிய நிறுவனங்கள் பல கணினிகளை ஒன்றாக ஆக்டிவேட் செய்வதற்கான கேஎம்எஸ் முறையை ஏமாற்றும் கிராக் (திருட்டு மென்பொருள்). அந்த முறையில் ஒரு ஆக்டிவேஷன் 180 நாள்தான் தாங்கும். உங்கள் ஆறு மாதக் கணக்கு அங்கேதான் வருகிறது. அந்தக் கிராக் ஓட வேண்டுமென்றால் ஆன்டிவைரஸை நிறுத்தி வைக்க வேண்டும். நிறுத்திய அந்த நேரத்தில் கூடவே என்ன ஏறியது என்று போட்டவருக்கும் தெரியாது. அந்த லேப்டாப்பில் வங்கி வேலை பார்த்திருந்தால், வேறொரு கருவியிலிருந்து எல்லாப் பாஸ்வேர்டுகளையும் இன்றே மாற்றிவிடுங்கள்.

சரிசெய்யச் செலவு கிடையாது. உங்கள் ஃபைல்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, முதல் பதிலில் சொன்னபடி பென்டிரைவ் தயாரித்து, பழைய பார்டிஷன்களை (டிஸ்க்கின் பிரிவுகளை) அழித்து நிறுவுங்கள். ஹோமா, புரோவா, எந்தப் பதிப்பு என்று கேட்காமலே மேலே போனால் மதர்போர்டிலுள்ள கீயைக் கண்டுகொண்டது என்று அர்த்தம். இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் போய்ப் பாருங்கள்: டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருக்க வேண்டும். வீட்டு லேப்டாப்பில் 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை' என்று இருந்தால் அது திருட்டு. சர்வீஸுக்குக் கொடுக்கும் எல்லோரும் கொடுக்கும் முன் ஒருமுறை, வாங்கிய பின் கடையிலேயே ஒருமுறை இந்தத் திரையைப் பாருங்கள். 800 ரூபாய்க்கு 'விண்டோஸ் புரோ' என்று எழுதிய பில் கேளுங்கள். தர மறுத்தால், பணம் அனுப்பிய யுபிஐ பதிவை வைத்து 1915-இல் புகார் கொடுங்கள்.

கே: எல்லாம் சரியாக வந்தது, எங்கே நிறுவுவது என்ற திரையில் எஸ்எஸ்டியே தெரியவில்லை. கடையில் எஸ்எஸ்டி மாற்ற 4,500 கேட்கிறார்கள். (மதுரை வாசகர்)

மாற்றாதீர்கள். 11-ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர் முதல் பல லேப்டாப்களில், எஸ்எஸ்டியை (சேமிப்பு டிஸ்க்) இன்டெல் தன் கையில் வைத்துக்கொள்ளும் விஎம்டி என்ற அமைப்பு ஆன் ஆகியிருக்கிறது. அதற்கான டிரைவர் (அந்தப் பாகத்தை விண்டோஸுக்கு அறிமுகம் செய்யும் மென்பொருள்) இல்லாமல் விண்டோஸுக்கு டிஸ்க் தெரியாது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போடுங்கள். அந்தத் திரையில் 'லோட் டிரைவர்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் எஸ்எஸ்டி வந்து நிற்கும். பயாஸில் விஎம்டியை ஆஃப் செய்வதும் வழிதான், ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் லேப்டாப்பில் அப்படிச் செய்தால் அந்தப் பழைய விண்டோஸ் பூட் ஆகாது. பின்னர் வைஃபை டிரைவர் இல்லையென்று நின்றால் போனைக் கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் (போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் வசதி) போடுங்கள்.

கே: பயாஸில் செக்யூர் பூட்டை ஆஃப் செய்தேன். இப்போது 48 இலக்க எண் கேட்கிறது. எழுதி வைக்கவில்லை. (கோவை வாசகர்)

டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் கேட்கும் மீட்பு எண் அது. முதலில் செக்யூர் பூட் என்ற அந்தப் பாதுகாப்பு வசதியைத் திரும்ப ஆன் செய்து பாருங்கள். பல சமயம் அதிலேயே சரியாகும். இல்லையென்றால் அந்த எண் நீங்கள் லாகின் செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், வேறு போனிலிருந்து எடுக்கலாம். அங்கேயும் இல்லையென்றால் டிஸ்க்கில் இருப்பதை யாராலும் மீட்க முடியாது. மீட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். விண்டோஸ் மாற்றும் முன் பேக்கப் எடுக்கச் சொல்லி இந்தப் பகுதியில் எத்தனை முறைதான் எழுதுவது!

கே: 2008-இல் வாங்கிய கோர் 2 டுவோ டெஸ்க்டாப், 4 ஜிபி ரேம். சிடி டிரைவ் போய்விட்டது. பென்டிரைவ் பூட் மெனுவில் வரவில்லை. (விருதுநகர் வாசகர்)

விண்டோஸ் 11-ஐ மறந்துவிடுங்கள். 24எச்2 என்ற 2024 பதிப்பு முதல் அதற்கு வேண்டிய கட்டளை ஒன்று இந்த பிராசஸரிலேயே இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள், ரூஃபஸில் எம்பிஆர் (பழைய பயாஸுக்கான பிரிப்பு முறை) தேர்ந்தெடுத்து எழுதுங்கள். பென்டிரைவைப் பின்பக்க யுஎஸ்பியில் செருகிய பிறகே கணினியை ஆன் செய்யுங்கள். அந்தக் காலத்துப் பயாஸ் பலவற்றில் பென்டிரைவ் தனிப் பெயரில் வராது, 'ஹார்டு டிஸ்க்' பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும். அதற்குள் போய்ப் பென்டிரைவை முதலிடத்துக்கு ஏற்றி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள்.