தோட்டா வாங்கவும் பின்னணிச் சோதனை வேண்டுமா? கலிஃபோர்னியாவை முன்வைத்துக் கேள்வி பதில்

அமெரிக்காவில் கடையில் துப்பாக்கி வாங்கினால் பின்னணிச் சோதனை உண்டு. தோட்டாவுக்கு நாடு முழுவதற்குமான அப்படி ஒரு விதி இல்லை. கலிஃபோர்னியாவில் 2016 நவம்பரில் தோட்டா விற்பனையைக் கட்டுப்படுத்தும் 63ஆம் முன்மொழிவை மக்கள் வாக்களித்து ஏற்றார்கள். 2019 ஜூலை 1 முதல் அங்கே ஒவ்வொரு முறை தோட்டா வாங்கும்போதும் சோதனை நடக்கிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கேள்வி: துப்பாக்கி வாங்கும்போதே ஒருவரை அலசி ஆராய்ந்துவிடுகிறார்கள். பிறகு தோட்டாவுக்கும் எதற்கு?

துப்பாக்கிக்கான சோதனை வாங்கும் நாளோடு முடிந்துவிடுகிறது. அந்தத் துப்பாக்கி அலமாரியில் முப்பது வருடம் இருக்கும். நடுவில் அதன் சொந்தக்காரர் மனைவியை அடித்துத் தண்டனை பெறலாம், பெரிய குற்றத்தில் சிறைக்குப் போகலாம், அவர்மீது நீதிமன்றத் தடை உத்தரவு வரலாம். அந்த நிமிடமே அவர் தடை செய்யப்பட்டவர் ஆகிவிடுகிறார். ஆனால் துப்பாக்கி தானாக வீட்டை விட்டுப் போகாது. தோட்டா அப்படி இல்லை, தீர்ந்துகொண்டே இருக்கும், திரும்பக் கடைக்கு வந்தாக வேண்டும். தடைக்குப் பிறகு அந்த ஆளை மறுபடி பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் கடையின் கல்லாதான்.

கூட்டரசுச் சட்டத்தில் இதற்கு ஒரு பழைய ஓட்டை இருக்கிறது. தடை செய்யப்பட்டவர் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. ஆனால் 1998 நவம்பர் 30 அன்று தொடங்கிய தேசிய உடனடிச் சோதனை துப்பாக்கிக்கு மட்டும்தான். 1968 சட்டப்படி தோட்டா விற்பவர் லைசென்ஸ் எடுக்க வேண்டும், யாருக்கு விற்றோம் என்று பதிவேடும் வைக்க வேண்டும். 1986இல் அதையும் தளர்த்திவிட்டார்கள், தபாலில் வாங்கவும் வழி திறந்தது. குற்றம் என்று எழுதிவைத்துவிட்டு, கல்லாவில் யாரும் கேட்காமல் விட்டார்கள்.

கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தோட்டா வாங்குபவர் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், ஆனால் சோதனை கிடையாது என்றிருந்த காலம். 2004 ஏப்ரல், மே இரண்டு மாதப் பதிவேடுகளை ஆய்வாளர்கள் பத்துக் கடைகளிலிருந்து எடுத்துச் சரிபார்த்தார்கள். 2,031 பேர் 4,36,956 தோட்டா வாங்கியிருந்தார்கள். அதில் 52 பேர் தடை செய்யப்பட்டவர்கள். அவர்கள் கையில் போனது 10,050 தோட்டா. அத்தனையும் லைசென்ஸ் உள்ள கடையில், சொந்தப் பெயர் கொடுத்து வாங்கியவை.

கேள்வி: சாக்ரமென்டோவில் இருக்கிறேன், அண்ணா. சொந்தத் துப்பாக்கி, எந்த வழக்கும் இல்லை. கடையில் “ரிஜெக்ட்” என்று வந்துவிட்டது. என் பெயரில் ஏதாவது பதிந்துவிட்டார்களா?

பயப்பட வேண்டாம், தம்பி. “ரிஜெக்ட்” வேறு, “டினைட்” வேறு. டினைட் என்றால் நீங்கள் தடை செய்யப்பட்டவர் என்று மாநில நீதித்துறை சொல்கிறது. ரிஜெக்ட் என்றால் உங்கள் விவரம் அவர்கள் பதிவோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் செய்தது வழக்கமான சோதனை. கடைக்காரர் உங்கள் ஓட்டுநர் லைசென்ஸைத் தேய்த்ததும், “ஏ.எஃப்.எஸ்.” என்ற துப்பாக்கிப் பதிவேட்டில் உங்கள் பெயரில் துப்பாக்கி இருக்கிறதா என்று கணினி தேடுகிறது. பெயர், பிறந்த தேதி, முகவரி, லைசென்ஸ் எண் நான்கும் பொருந்த வேண்டும். பெரும்பாலும் சிக்குவது இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்:

முகவரி. துப்பாக்கி வாங்கிய பிறகு வீடு மாறியிருப்பீர்கள். லைசென்ஸில் புது முகவரி, பதிவேட்டில் பழையது. அபார்ட்மென்ட் எண்ணை ஓரிடத்தில் ஒருவிதமாகவும் இன்னோரிடத்தில் வேறுவிதமாகவும் எழுதியிருந்தாலும் போதும்.

பெயர். இது நம் ஆட்களுக்கே உரிய தொல்லை. ஒரு காகிதத்தில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக. குடியுரிமை வாங்கும்போது முன்பெயரும் பின்பெயரும் இடம் மாறியிருக்கும். துப்பாக்கி வாங்கிய அன்று லைசென்ஸில் எப்படி இருந்ததோ அப்படித்தான் பதிவேட்டில் நிற்கும்.

மூன்றாவது, பழைய நீளத் துப்பாக்கி. 2014க்கு முன் கடையில் வாங்கிய ரைஃபிள், ஷாட்கன் விவரத்தை மாநிலம் பொதுவாகச் சேமித்துவைக்கவில்லை. உங்களிடம் அது மட்டும்தான் இருக்கிறது என்றால், பதிவேட்டைப் பொறுத்தவரை உங்களிடம் எதுவுமே இல்லை.

முதல் இரண்டுக்கும் நீதித்துறையின் “சி.எஃப்.ஏ.ஆர்.எஸ்.” இணையதளத்தில் கணக்குத் தொடங்கி விவரத்தைத் திருத்தலாம். துப்பாக்கியின் சீரியல் எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தம் ஏறிவிட்டது என்று தெரிந்த பிறகு கடைக்குப் போங்கள். அவசரப்பட்டால் மறுபடி கட்டணம்தான் போகும். மூன்றாவது சிக்கல் என்றால், துப்பாக்கிப் பதிவைத் தேடாமல் ஆளை நேராகச் சோதிக்கும் அடிப்படைச் சோதனை கேளுங்கள். அதற்கு 19 டாலர், பதில் வரச் சில நாள் ஆகலாம், ஒப்புதல் ஒரே ஒரு கொள்முதலுக்குத்தான், அதுவும் 30 நாளுக்குள்.

இன்னொன்று. லைசென்ஸின் மேல் மூலையில் “ஃபெடரல் லிமிட்ஸ் அப்ளை” என்று அச்சாகியிருந்தால் அது மட்டும் போதாது. பாஸ்போர்ட்டோ பிறப்புச் சான்றிதழோ கூடவே காட்ட வேண்டும். பலர் திரும்பிப் போவது இந்தக் காரணத்தால்.

கேள்வி: ஃப்ரீமான்ட். எச்-1பி விசாவில் இருக்கிறோம். கணவர் நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பழக ஆசைப்படுகிறார். தோட்டாவை அங்கேயே வாங்கினால் சோதனை இல்லையாமே?

அம்மா, கவனமாகப் படியுங்கள். ரேஞ்சில் வாங்கி, வளாகத்தை விட்டு வெளியே கொண்டுபோகாமல் அங்கேயே சுட்டு முடித்தால் கலிஃபோர்னியாவில் சோதனை இல்லை, அது சரி. ஆனால் சோதனை இல்லை என்பதால் தடையும் இல்லை என்று ஆகாது. குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டரசுச் சட்டம். எச்-1பி, எச்-4, மாணவர் விசா, சுற்றிப்பார்க்க வரும் அப்பா அம்மாவின் விசா எல்லாம் அதில் அடக்கம். கொஞ்ச நேரம் கையில் வாங்கினாலும் “வைத்திருத்தல்” என்று வழக்குப் போட முடியும்.

2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ரெஹைஃப் வழக்கு ஃப்ளோரிடாவில் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டதிலிருந்து கிளம்பியதுதான். மாணவர் விசாவில் வந்தவர், கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டதால் அனுமதி முடிந்தவர். தன் நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. எச்-1பியில் இருப்பவர் தன் விசா தெரியாது என்று சொல்ல முடியாது.

சட்டத்திலேயே விலக்குகள் உண்டு. வழக்கமாகப் பயன்படுவது ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். கலிஃபோர்னியாவில் அதற்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேற வேண்டும். அதை முடித்து லைசென்ஸ் கையில் வந்த பிறகு ரேஞ்சுக்குப் போகச் சொல்லுங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

கேள்வி: நீங்கள் ஆதரிக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் எண்ணிக்கை வேறு மாதிரி இருக்கிறதே? எத்தனை நல்லவர்களைத் திருப்பி அனுப்பி எத்தனை பேரைப் பிடித்தார்கள்?

நியாயமான கேள்வி. அரசே நீதிமன்றத்தில் கொடுத்த கணக்கைச் சொல்கிறேன். 2019 ஜூலை முதல் 2020 ஜனவரி வரை வழக்கமான சோதனை 6,16,257. அதில் தடை செய்யப்பட்டவர் என்று நிறுத்தப்பட்டது 188. பதிவு பொருந்தாமல் திருப்பி அனுப்பப்பட்டது 1,01,047. நூற்றுக்குப் பதினாறுக்கும் மேல்! 2023இன் முதல் ஆறு மாதத்தில்கூட சுமார் 11 சதவீதம் திரும்பிப் போனது.

இதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் இதே கணக்கில் பலர் தவறவிடும் ஒரு வரி இருக்கிறது. அதே ஏழு மாதத்தில் 19 டாலர் அடிப்படைச் சோதனை 19,599 மட்டுமே நடந்தது. அதில் 570 பேர் தடை செய்யப்பட்டவர்கள், ஏறக்குறைய 3 சதவீதம். லாஸ் ஏஞ்சலஸ் பதிவேட்டில் தெரிந்த விகிதமும் கிட்டத்தட்ட இதுதான்.

காரணம் எளிது. அடிப்படைச் சோதனை “இந்த ஆள் தடை செய்யப்பட்டவரா?” என்று நேராகக் கேட்கிறது. வழக்கமான சோதனையோ “இந்த ஆளின் துப்பாக்கிப் பதிவு முகவரியோடு பொருந்துகிறதா?” என்பதில் தொடங்குகிறது. பொருந்தாவிட்டால் ஆள் நல்லவரா கெட்டவரா என்று பார்க்காமலே கதவைச் சாத்துகிறது. ஆகவே என் கருத்து இது: சோதனை கட்டாயம் வேண்டும், ஆனால் ஆளைச் சோதிக்க வேண்டும், முகவரியை அல்ல. பதிவு பொருந்தவில்லை என்றால் கூடுதல் கட்டணம் இல்லாமல் அதே கல்லாவில் நேரடிச் சோதனைக்கு மாற்றிவிட வேண்டும்.

கேள்வி: 2012இல் கொலராடோ அரோரா திரையரங்கில் சுட்டவன் 6,000க்கு மேல் தோட்டாவை இணையத்தில் வாங்கினானே. இந்தச் சட்டம் அவனைத் தடுத்திருக்குமா?

தடுத்திருக்காது. துப்பாக்கிகளையே சோதனையில் தேறித்தான் வாங்கினான். கலிஃபோர்னியாவிலும் ஒரே தடவையில் இத்தனைதான் வாங்கலாம் என்ற வரம்பு இல்லை. எவ்வளவு வாங்கினார் என்பது பதிவாகும், அவ்வளவுதான்.

இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறோர் அரோரா, இல்லினாய் மாநிலத்தில். 2019 பிப்ரவரி 15 அன்று அங்கே ஒரு தொழிற்சாலையில் ஐந்து ஊழியர்களைச் சுட்டுக் கொன்றவருக்கு மிசிசிப்பியில் பழைய குற்றத் தண்டனை இருந்தது. அது முதலில் கண்ணில் படாமல் 2014இல், இல்லினாயில் துப்பாக்கி வைத்திருக்கத் தேவையான அட்டையைக் கொடுத்தார்கள், அவரும் துப்பாக்கி வாங்கினார். பிறகு கண்டுபிடித்து அட்டையை ரத்து செய்தார்கள். துப்பாக்கியை யாரும் போய்ப் பறிமுதல் செய்யவில்லை; ஐந்து வருடம் அவரிடமே இருந்தது. தோட்டாச் சோதனை குறிவைப்பது இப்படிப்பட்டவரைத்தான்.

கேள்வி: அப்படியானால் அட்டை முறை நல்லதா? எந்த மாநிலங்களில் இருக்கிறது?

இல்லினாயில் தோட்டா வாங்கவே அந்த அட்டை வேண்டும். மாசசூசெட்ஸிலும் லைசென்ஸ் காட்ட வேண்டும். கனெக்டிகட்டில் 2013 அக்டோபர் முதல் துப்பாக்கி அனுமதியோ தனித் தோட்டாச் சான்றிதழோ தேவை. வாங்குபவருக்கு இதுவே எளிது. ஒரு முறை முழுதாகச் சோதித்துவிடுகிறார்கள், பிறகு முகவரி மாறியதற்காகப் படியேற வேண்டியதில்லை. ஆனால் கடைக்காரர் அட்டையைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. ரத்தான அட்டையும் பார்வைக்கு நல்ல அட்டை போலத்தான் இருக்கும். அந்த நிமிடம் அது செல்லுமா என்று கணினியில் பார்க்க வேண்டும்.

நியூயார்க் 2023 செப்டம்பர் 13 முதல் ஒவ்வொரு கொள்முதலுக்கும் மாநிலக் காவல்துறை வழியாகச் சோதிக்கிறது. தோட்டாவுக்குக் கட்டணம் 2.50 டாலர்.

கேள்வி: ரீனோ பக்கம்தான். நெவாடாவில் வாங்கிக் காரில் கொண்டுவந்தால்?

கலிஃபோர்னியாவில் வசிப்பவர் வெளிமாநிலத்தில் வாங்கிய தோட்டாவை நேராகக் கொண்டுவருவது 2018 முதல் குற்றம். சில விலக்குகள் உண்டு, வெறும் விலை வித்தியாசம் அவற்றில் இல்லை. இணையத்தில் வாங்கலாம். ஆனால் பார்சல் உங்கள் வீட்டுக்கு வராது, லைசென்ஸ் உள்ள தோட்டாக் கடைக்குத்தான் போகும். அங்கே நேரில் போய்ச் சோதனை முடித்து வாங்க வேண்டும், கடைக்காரரும் தன் பங்குக்குக் கட்டணம் கேட்பார்.

கேள்வி: வெடிமருந்து, பிரைமர், குண்டு தனித்தனியாக வாங்கி வீட்டில் ரிலோடிங் செய்தால் சோதனை உண்டா?

இல்லை. கலிஃபோர்னியாவின் சோதனை முழுதாகக் கட்டிய தோட்டாவுக்கு மட்டும். ஆனால் கூட்டரசுச் சட்டத்தில் வெறும் கூடு, பிரைமர், குண்டு, மருந்து எல்லாமே “தோட்டா”தான். தடை உள்ளவர் ஒரு டப்பா பிரைமர் வைத்திருந்தாலும் குற்றம்.

கேள்வி: நீதிமன்றம் சட்டத்தைத் தூக்கிவிட்டது என்கிறார்களே?

ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடும் வீராங்கனை கிம் ரோட் தொடுத்த வழக்கு அது. நீதிபதி ரோஜர் பெனிடெஸ் 2020 ஏப்ரலிலும் 2024 ஜனவரியிலும் சட்டத்தை நிறுத்தினார். இரண்டு முறையும் மேல்நீதிமன்றம் சில நாளுக்குள் அவருடைய உத்தரவுக்குத் தடை கொடுத்தது, சட்டம் தொடர்ந்தது. 2025 ஜூலை 24 அன்று அந்த மேல்நீதிமன்றமான ஒன்பதாம் வட்ட நீதிமன்றத்தின் மூவர் அமர்வு இரண்டுக்கு ஒன்று என்று சட்டம் செல்லாது என்றது. பிறகு அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு வழக்கை மறுபடி விசாரிக்க எடுத்துக்கொண்டது, அதனால் அந்தத் தீர்ப்பு நடைமுறைக்கு வரவில்லை. போகும் நாளில் மாநில நீதித்துறையின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: 50 தோட்டாப் பெட்டி ஒன்றுக்கு உண்மையில் எவ்வளவு கூடுதலாகிறது?

வழக்கமான சோதனைக் கட்டணம் 1 டாலராக இருந்தது, 2025 ஜூலை 1 முதல் 5 டாலர். 2024 ஜூலை முதல் மாநிலத்தின் 11 சதவீத வரியும் தோட்டாவில் விழுகிறது. 20 டாலர் பெட்டிக்கு 2.20 வரி, 5 கட்டணம், அதற்கு மேல் விற்பனை வரி. சோதனைக் கட்டணம் ஒரு கொள்முதலுக்குத்தான், பெட்டிக்கு அல்ல. பத்துப் பெட்டி எடுத்தாலும் அதே 5 டாலர். ஒரு பெட்டி வாங்குபவர் தலையில்தான் அது கனமாக இறங்குகிறது.

கேள்வி: எனக்கு வந்தது ரிஜெக்ட் இல்லை, டினைட். பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு சிறு வழக்கு, முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுபடி கடைக்குப் போய் முயற்சி செய்யாதீர்கள். கலிஃபோர்னியாவில் சில சிறு குற்றங்களுக்குப் பத்து வருடத் தடை உண்டு, அது முடிந்திருக்கலாம். ஆனால் குடும்ப வன்முறை சார்ந்ததாக இருந்தால் கூட்டரசுத் தடை பத்து வருடத்தோடு தீராது. முதலில் நீதிமன்றத்திலிருந்து வழக்கின் இறுதித் தீர்ப்பு நகலை வாங்குங்கள். தள்ளுபடியான வழக்கு முடிவு பதியாமலே கிடப்பதும் நடக்கும். அடுத்து மாநில நீதித்துறைக்குத் தனிநபர் தகுதிச் சோதனைக்கு விண்ணப்பியுங்கள், கட்டணம் 20 டாலர். பதில் வரும்வரை வீட்டில் துப்பாக்கியோ தோட்டாவோ இருந்தால் அதைத் தொடாமல், அன்றே ஒரு வழக்கறிஞரிடம் பேசி, யாரிடம் எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள்.