மருத்துவமனைக் கிருமிகளின் மரபணுக் கண்காணிப்பு என்றால் என்ன?

ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியா ஒரு மருத்துவமனையில் பலரிடம் தென்படும்போது, ஒவ்வொருவரிடமும் எடுத்த கிருமியின் முழு மரபணுத் தொகுதியையும் எழுத்தெழுத்தாகப் படித்து, அது எந்த வழியில் பரவியிருக்கும் என்று கண்டறிவதே இது. கிருமி பெருகும்போது தன் மரபணுவைப் பிரதியெடுக்கிறது. அதில் எப்போதாவது ஓரெழுத்து பிசகினால், அந்தப் பிழை வாரிசுகளுக்கும் போய்விடும். பக்கத்து மாணவனைப் பார்த்துத் தேர்வெழுதியவன், அவன் விட்ட ஒற்றுப்பிழையையும் சேர்த்தெழுதி மாட்டிக்கொள்வதைப் போன்றதுதான். (சரியான விடைகள் ஒத்திருப்பது பெரிய சான்றன்று, பிழைகள் ஒத்திருப்பதே சான்று.)

2011-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் மருத்துவமனையில் க்ளெப்சியெல்லா நிமோனியே என்னும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியா 18 நோயாளிகளிடம் பரவியது. முதல் நோயாளி வீடு திரும்பி மூன்று வாரம் கழித்தே இரண்டாமவரிடம் அது தென்பட்டதால், இரண்டும் வெவ்வேறு என்று கருதவும் இடமிருந்தது. ஆனால் ஏறத்தாழ 60 லட்சம் எழுத்துகள் கொண்ட தொகுதியில் விரல்விட்டு எண்ணக்கூடிய வேறுபாடுகளே இருந்தமையால், மூலம் ஒன்றே எனத் தெளிவாயிற்று. கழுவுதொட்டியின் வடிகாலில் மட்டுமல்ல, சுத்தம் செய்து வைத்திருந்த செயற்கைச் சுவாசக் கருவியிலும் அது ஒட்டியிருந்தது.

‘உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது’ என்று பலரும் சொல்வதுண்டு. எதிர்ப்பைப் பெறுவது உடம்பன்று, கிருமிதான், ஆகவே அந்த மருந்தை ஒருமுறைகூட உட்கொள்ளாதவரையும் அது தொற்றக்கூடும்.