நிலச்சரிவு சொல்லாமல் கொள்ளாமல்தான் வருகிறதா?

நிலச்சரிவையும் சாலையில் திடீரென விழும் ராட்சதப் பள்ளத்தையும் முன்கூட்டியே அறிய முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஒன்று, பதில் இரண்டு. பெரிய நிலச்சரிவு பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது, பள்ளம் அப்படியல்ல. நிலவியல் படித்தவன் என்பதால், இரண்டையும் ‘இயற்கையின் சீற்றம்’ என்று ஒரே மூட்டையில் கட்டும் செய்திகளைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

மலைச்சரிவைப் பிடித்து நிறுத்துவது உராய்வு. மழைநீர் உள்ளே இறங்கி மண் துகள்களுக்கும் பாறை வெடிப்புகளுக்கும் இடையே தேங்கும்போது, அதன் அழுத்தம் அந்தப் பிடிமானத்தைத் தளர்த்துகிறது. ஆழம்வரை நீர் இறங்க நேரமாகும் என்பதால், மழை விட்டுச் சில நாள் கழித்தும் மலை சரியலாம்.

இப்படிப்பட்ட ஆழமான சரிவுகள் முதலில் ஊர்கின்றன, பிறகு வேகம் பிடிக்கின்றன. அந்த வேகத்தை அளக்க முடியும். சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் கிராமத்தை 2023 மே மாதமே காலி செய்தார்கள். ஜூன் 15 இரவு சுமார் 12 லட்சம் கன மீட்டர் பாறை இறங்கி, ஊருக்குச் சற்று முன்னால் வந்து நின்றது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிங்காம் கேன்யன் செம்புச் சுரங்கத்திலும் 2013 ஏப்ரலில் இதே கதைதான்: ரேடார் காட்டிய அசைவைப் பார்த்துத் தொழிலாளர்களை வெளியேற்றினார்கள், அன்றிரவு சுரங்கச் சுவர் சரிந்தது, ஒருவரும் சாகவில்லை.

இத்தாலியின் வயோன்ட் அணையில் நடந்தது இதற்கு நேர்மாறு. நீர்த்தேக்கத்தை ஒட்டிய டோக் மலையில் 1960-லேயே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீள வெடிப்பு தோன்றியது. நீர்மட்டத்தை உயர்த்தினால் மலை வேகமாக நகர்ந்தது, இறக்கினால் மெதுவாக நகர்ந்தது. இதைக் கண்டு பயப்படுவதற்குப் பதிலாக, நீரைக் கூட்டிக் குறைத்தே மலையைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பினார்கள். 1963 அக்டோபர் 9 இரவு 26 கோடி கன மீட்டருக்கும் மேற்பட்ட மலை ஏரிக்குள் விழுந்தது. எழுந்த அலை அணையைத் தாண்டிப் போய் லோங்கரோனே ஊரை அழித்தது. ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். மலை சொன்னதை எல்லோரும் கேட்டார்கள், ஆனால் லோங்கரோனேயை யாரும் காலி செய்யவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கனமழையில் மேல்மண் கரைந்து சேற்றுப் பெருக்காக இறங்கும் சரிவுகளுக்கு இந்த அவகாசம் கிடையாது. அங்கே மழையின் அளவுதான் எச்சரிக்கை.

இனி பள்ளம். சுண்ணாம்புப் பாறையை லேசான அமிலத்தன்மை உள்ள நீர் கரைத்துக் குகையாக்குகிறது. மேலே இருக்கும் மண் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் இறங்குகிறது. கடைசிக் கூரை உடையும்வரை மேலே எதுவும் தெரியாமல் போகலாம். சுண்ணாம்புப் பாறைதான் வேண்டும் என்றும் இல்லை. சாக்கடல் ஆண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்துவருவதால், கரையோரத்தில் நன்னீர் புகுந்து நிலத்தடி உப்புப் படலத்தைக் கரைக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கான பள்ளங்கள் விழுந்துவிட்டன. குவாத்தமாலா நகரில் 2010-இல் மூன்று மாடிக் கட்டடத்தை விழுங்கிய பள்ளத்துக்குக் காரணம் இறுகாத எரிமலைச் சாம்பல் மண்ணும் அதை அரித்த நீரும். கழிவுநீர்க் குழாய்க் கசிவின் மீதும் அப்போது சந்தேகம் எழுந்தது. நிலத்தை ஊடுருவும் ரேடாரால் வெற்றிடத்தைத் தேடலாம் என்றாலும், களிமண் நிறைந்த இடத்தில் அதன் அலைகள் ஆழம் போவதில்லை.

கருவி இல்லாதவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்? சமதளத்தில் என்றால், வட்டமாகத் தாழும் தரை, திடீரென வற்றும் குட்டை, காரணமில்லாமல் கலங்கும் கிணற்று நீர். சரிவில் என்றால், மேல்விளிம்பில் அகலும் வெடிப்பு, சாயும் கம்பங்கள், முன்பு இல்லாத இடத்தில் ஊற்று. மழை பெய்துகொண்டிருக்கும்போதே மலை ஓடையில் நீர் சட்டென்று குறைந்தால் மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கக்கூடும். அந்த அடைப்பு உடைந்தால் எல்லாம் ஒன்றாக வரும். அப்போது ஓடையின் போக்கிலேயே கீழே ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி மேட்டில் ஏறுங்கள்.