மூன்றாவது டவுன்

அன்புள்ள ஐயா,

ஒஹாயோவில் பதினெட்டு வருடமாக இருக்கிறோம். என் மகன் ஹைஸ்கூலில் கடைசி வருடம் படிக்கிறான். பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ரிசீவர், அதாவது வீசும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவன். போன வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்தில் 17–20 என்று பின்தங்கியிருந்தோம். 19 விநாடி பாக்கி, மூன்றாவது டவுன் (பந்தை முன்னே கொண்டுபோகக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), கோல் கோட்டுக்கு 11 யார்டு. கோல் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ட் சோனின் மூலையில் என் மகன் பாய்ந்து விழுந்து பந்தைப் பிடித்தான். அங்கே பந்தைப் பிடித்தால் டச்டவுன், அதற்குப் புள்ளிகள் உண்டு. நடுவர் இரண்டு கைகளையும் உயர்த்தி டச்டவுன் கொடுத்தார். 24–20, ஜெயித்துவிட்டோம்.

எதிர் அணிப் பெற்றோர்கள் கொதித்துவிட்டார்கள். ஒரு கால்தான் உள்ளே இருந்தது என்றார்கள், பந்து தரையில் பட்டது என்றார்கள், நடுவரைத் திருடன் என்றே சொன்னார்கள். நாங்களும் விடவில்லை. இரண்டாவது குவார்ட்டரில் உங்கள் பையன் எங்கள் பையனின் சட்டையைப் பிடித்து இழுத்தபோது தப்பு என்று நடுவரின் கொடி விழவில்லையே, அதை யார் கேட்டது என்றோம். சண்டை கார் நிறுத்துமிடம் வரை போனது. "தோல்வியை ஏற்றுக்கொள்ளத் தெரியாதவர்கள்" என்று நானும் கத்தினேன்.

வரும் வழியெல்லாம் மகன் பேசவில்லை. மறுநாள் மத்தியானம் வந்து உட்கார்ந்து, "அப்பா, பந்து முதலில் தரையில் பட்டு எகிறித்தான் என் கைக்குள் வந்தது" என்றான். ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் வரிசையாகக் கைகொடுத்தபோது, அவனைக் காவல் காத்த எதிர் அணிப் பையன், "உனக்கும் தெரியும்" என்று மட்டும் சொன்னானாம்.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? நடுவர் தீர்ப்பே இறுதி என்று விட்டுவிடலாமா? எங்கள் வெற்றி திருட்டா? மகன் படிக்கும் பள்ளி என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ஒற்றைக் கால் விவகாரத்தை முடித்துவிடுவோம். ஹைஸ்கூல் ஃபுட்பாலில் ரிசீவரின் ஒரு கால் உள்ளே பட்டால் போதும். இரண்டு காலும் படவேண்டும் என்பது தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் விதி. ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டத்தின் விதியை வெள்ளிக்கிழமை இரவு பள்ளி மைதானத்துக்குக் கொண்டுவந்து நடுவரைத் திட்டுவது நிறைய நடக்கிறது. பாஸ் இன்டர்ஃபியரன்ஸிலும், அதாவது பந்தைப் பிடிக்கப் போகிறவனை முறைதவறித் தடுப்பதிலும், அப்படித்தான். என்எஃப்எல்லில் தடுப்பணி அந்தத் தப்பைச் செய்தால் தப்பு நடந்த இடத்திலேயே பந்து வைக்கப்படும். பள்ளி ஆட்டத்தில் 15 யார்டுதான். அந்தப் பெற்றோர்களின் கோபத்தில் பாதி, இந்த ஆட்டத்தில் இல்லாத ஒரு விதிக்காக வந்தது.

மற்ற பாதி நியாயமானது. பந்து தரையில் பட்டிருக்கிறது. உங்கள் மகனே சொல்லிவிட்ட பிறகு அதில் விவாதத்துக்கு இடமில்லை.

சரி, நடுவருக்கு அது ஏன் தெரியவில்லை? நான் சில வருடங்கள் அமெரிக்காவில் இருந்தபோது என் அக்கா மகனின் ஆட்டங்களுக்குப் போவேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வேறு மாவட்டத்தில் நடுவராக இருப்பவர். ஆட்டம் முழுக்க அவர் பந்தைப் பார்க்கவே இல்லை, நடுவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளி ஆட்டத்துக்குப் பெரும்பாலும் ஐந்து நடுவர்கள், களத்தில் 22 பையன்கள் என்று அவர் விளக்கினார். எண்ட் சோனின் மூலைக்குப் பந்து போனால் ஒருவர் பக்கக் கோட்டையும் இன்னொருவர் பின்கோட்டையும் கவனிக்கவேண்டும். ரிசீவர் அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி விழுந்தால் பந்து அவன் உடம்புக்குக் கீழே மறைந்துபோகும். எதிர்ப்பக்கப் படிக்கட்டில் இருந்து செல்போனில் எடுத்தவருக்குப் பளிச்சென்று தெரிவது, ஐந்தடி தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. உங்கள் ஆட்டத்திலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். நடுவர் செய்தது பிழை. அவரைத் திருடன் என்று சொன்ன வாய்கள் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீடியோவைப் போட்டுப் பார்த்து முடிவை மாற்றக்கூடாதா என்று கேட்பார்கள். பள்ளி ஆட்டங்களுக்கு விதி எழுதும் தேசியக் கூட்டமைப்பு 2019-ல்தான் ரீப்ளேவுக்கு வழிவிட்டது, அதுவும் சீசனுக்குப் பிந்தைய ஆட்டங்களில், மாநிலச் சங்கம் விரும்பினால் மட்டும். சாதாரண வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் நடுவரின் கண்தான் கேமரா.

ஆட்டம் முடிந்த பிறகு முறையிட்டும் பலனில்லை. 2014-ல் ஓக்லஹோமாவில் காலிறுதி ஆட்டம். டக்ளஸ் பள்ளி 19–20 என்று பின்தங்கியிருந்தது. சுமார் ஒரு நிமிடம் பாக்கி இருக்கும்போது டச்டவுன் அடித்தார்கள். கூடவே ஓடிய அவர்களின் பயிற்சியாளர் ஒருவர் பக்கக் கோட்டோரத்தில் நடுவர் மேல் இடித்துவிட்டார். அதற்கு 5 யார்டு தண்டனை, அதையும் டச்டவுனுக்கு அப்புறம்தான் கணக்கில் எடுக்கவேண்டும். நடுவர்கள் டச்டவுனையே ரத்து செய்துவிட்டார்கள். லோகஸ்ட் குரோவ் பள்ளி ஜெயித்தது. விதியைத் தவறாகப் பயன்படுத்திவிட்டோம் என்று மாநிலச் சங்கமே ஒப்புக்கொண்டது. வழக்கு நீதிமன்றம் வரை போயும், ஆட்டத்தைத் திரும்ப நடத்த உத்தரவிட நீதிபதி மறுத்துவிட்டார். அங்கே தவறியது விதி, கண் அல்ல. அதற்கே பரிகாரம் கிடைக்கவில்லை. அந்த டக்ளஸ் பையன்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஆகவே உங்கள் 24–20 அப்படியேதான் இருக்கும். இனி அதை மாற்ற முடிந்தவர்கள் ஜெயித்தவர்கள் மட்டும்தான். தோற்றவன் பெருந்தன்மையாக இருக்கவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம், நீங்களும் கார் நிறுத்துமிடத்தில் அதைத்தான் கத்தியிருக்கிறீர்கள். ஜெயித்தவனிடம் அதை யாரும் கேட்பதில்லை.

கேட்காமலே கொடுத்தவர்கள் உண்டு. 1940 நவம்பர் 16, கார்னெல் பல்கலைக்கழகமும் டார்ட்மவுத் கல்லூரியும் ஆடிய ஆட்டம். கார்னெல் அதுவரை 18 ஆட்டங்களாகத் தோற்காத அணி. 0–3 என்று பின்தங்கியிருந்து, கடைசி விநாடிகளில் டச்டவுன் அடித்து 7–3 என்று ஜெயித்தார்கள். ஒரு அணிக்கு நான்கு டவுன்கள்தான். நடுவர் எண்ணிக்கையைத் தவறவிட்டதால், அந்த டச்டவுன் ஐந்தாவது டவுனில் விழுந்தது. ஆட்டப் படத்தைப் போட்டுப் பார்த்த பிறகு நடுவர் தன் பிழையை ஒப்புக்கொண்டார். முடிவை மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை. கார்னெல் தானாகவே தந்தி அடித்து வெற்றியை விட்டுக்கொடுத்தது. டார்ட்மவுத் ஏற்றுக்கொண்டது. ஏடுகளில் இன்றைக்கும் 3–0, டார்ட்மவுத் வெற்றி.

ஐம்பது வருடம் கழித்து, 1990-ல், கொலராடோ பல்கலைக்கழகம் மிசௌரியை 33–31 என்று ஜெயித்ததும் ஓர் ஐந்தாவது டவுனில்தான். அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தச் சீசனில் தேசியச் சாம்பியன் பட்டத்தையும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

அப்படியானால் உங்கள் பள்ளியும் கார்னெல் மாதிரி வெற்றியைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமா? இதை இரண்டு நாள் யோசித்தேன். வேண்டாம் என்றுதான் படுகிறது. உங்களுக்குச் சாதகமாகப் பேசவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. கார்னெலுக்கு அந்த டவுனே கிடையாது. நடுவர் சரியாக எண்ணியிருந்தால் பந்து டார்ட்மவுத் கையில், சில விநாடிகளில் ஆட்டம் முடிந்திருக்கும். வெற்றி யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. உங்களுடையது மூன்றாவது டவுன். பந்து தரையில் பட்டது என்று நடுவர் கையசைத்திருந்தால் உங்கள் பையன்களுக்கு இன்னொரு டவுன் மிச்சம். ஃபீல்டு கோல் என்றால் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி பெறுவது. எண்ட் சோனின் நீளத்தையும், பந்தைப் பின்னால் தள்ளி வைத்து உதைக்கும் தூரத்தையும் சேர்த்தால், 11 யார்டு கோட்டிலிருந்து அது 28 யார்டு வரும். உதைத்து ஆட்டத்தைச் சமன் செய்திருக்கலாம், உதை தவறியும் இருக்கலாம், இன்னொரு பாஸ் வீசி நிஜமாகவே டச்டவுன் அடித்திருக்கலாம். நடக்காமல் போன அந்த நான்காவது டவுனின் முடிவு யாருக்கும் தெரியாது. எதிர் அணியிடமிருந்து பறிபோனது வெற்றி இல்லை, அந்த ஒரு டவுனைத் தடுத்து நிற்கும் வாய்ப்பு. அதுவும் பெரிய இழப்புதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்குச் சரியான பதிலீடு ஏட்டில் தோல்வி என்று எழுதிக்கொள்வது ஆகாது. மற்ற நாற்பது ஐம்பது பையன்கள் சேர்ந்து ஆடிய ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும் உரிமை உங்கள் மகனுக்கும் தனியாகக் கிடையாது.

அவனிடம் இருப்பது உண்மை ஒன்றுதான், அதை அவன் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பதினேழு வயதில் ஆயிரம் பேர் எழுந்து நின்று கத்திக்கொண்டிருக்கும்போது, "இல்லை, பிடிக்கவில்லை" என்று நடுவரிடம் போய்ச் சொல்வது எவ்வளவு கஷ்டம்! அந்த நிமிடத்துக்காக அவனைக் குற்றவாளியாக்காதீர்கள். மறுநாள் மத்தியானமே அப்பாவிடம் வந்து சொன்னானே, ஊரே பாராட்டும் ஒரு விஷயத்தை. அதற்கு அந்தப் பிடியைவிடத் துணிச்சல் வேண்டும். அவனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

எதிர் அணிப் பையனிடம் அவன் பேசட்டும். "ஆமாம், எனக்குத் தெரியும்" என்ற ஒரு வரி போதும். அந்தப் பையன் பந்தைச் சரியாகத்தான் தடுத்திருக்கிறான். தன் வேலையை ஒழுங்காகச் செய்தோம் என்று அவனுக்குத் தெரிவிக்கக்கூடிய ஒரே ஆள் உங்கள் மகன்தான்.

நீங்கள் செய்யவேண்டியது வேறு. தேசிய விளையாட்டு நடுவர்கள் சங்கம் 2017-ல் 17,000-க்கும் மேற்பட்ட நடுவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. மைதானத்தில் நாகரிகம் கெடுவதற்கு யார் முக்கியக் காரணம் என்ற கேள்விக்குப் பெற்றோர்கள்தான் முதலிடத்தில் வந்தார்கள், கோச்சுகளையும் ரசிகர்களையும் தாண்டி. நடுவர் வேலை வேண்டாம் என்று பலர் விலகியிருக்கிறார்கள், நடுவர் கிடைக்காததால் வெள்ளிக்கிழமை ஆட்டங்களை வியாழனுக்கும் சனிக்கும் தள்ளிவைக்கும் நிலை பல மாநிலங்களில் வந்திருக்கிறது. உங்கள் பக்கத்துப் பெற்றோர்கள் இன்னும் அந்தச் சட்டை இழுப்பைச் சொல்லி வாதாடிக்கொண்டுதான் இருப்பார்கள். இரண்டாவது குவார்ட்டரில் விழாத கொடிக்கும் இந்தப் பந்துக்கும் கணக்கு நேராகிவிட்டது என்ற வாதம் எனக்குக் கொஞ்சமும் ஒப்புதல் இல்லை. அடுத்த ஆட்டத்தில் யாராவது அதை ஆரம்பித்தால், பந்து தரையில் பட்டது என்று நீங்கள் சொல்லுங்கள். மகனின் அனுமதியோடு சொல்லுங்கள். எதிர் அணிப் பெற்றோர் யாரையாவது தெரிந்திருந்தால், நீங்கள் கத்தியதற்கு நேரில் போய் வருத்தம் தெரிவித்துவிடுங்கள்.

கோச்சிடமும் விஷயம் போகவேண்டும், ஆனால் உங்கள் வழியாக வேண்டாம். திங்கட்கிழமை பயிற்சிக்கு அவனைக் கொண்டுபோய் விடும்போது நீங்கள் காரிலேயே இருங்கள். அவனே இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வரட்டும்.

அன்புடன்.